நாலு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு

ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3999 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரைக் குறைத்தது ஒரு வரி விதி. 2006 மத்திய பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் பெட்ரோலானால் 1200 சி.சி.க்குள், டீசலானால் 1500 சி.சி.க்குள். 2013 பட்ஜெட் எஸ்.யூ.வி.களுக்கு வரியை 30 சதவீதமாக ஏற்றியது. 4 மீட்டரைத் தாண்டிய நீளம், 1500 சி.சி.யைத் தாண்டிய எஞ்சின், 170 மில்லிமீட்டரைத் தாண்டிய தரை இடைவெளி மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வரி. ஈகோஸ்போர்ட்டின் வயிறு தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தும் அது சிக்கவில்லை. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் நீளக் கணக்கில் சேராது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியபோதும் பழைய கோடு அழியவில்லை: கோட்டுக்குள் 18 சதவீதம், வெளியே 40. இந்தியக் குடும்பம் எந்த வண்டியில் ஏறுகிறது என்பதை இந்த அளவுகோல் இருபது வருடமாகத் தீர்மானித்து வருகிறது.

ஈகோஸ்போர்ட் என்ற பெயர் பிறந்தது பிரேசிலில். 2003இல் பாஹியா மாநிலத்தின் கமசாரி ஆலையிலிருந்து முதல் தலைமுறை வந்தது. இரண்டாம் தலைமுறை 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் முகம் காட்டியது. அதன் அடித்தளம் ஃபியஸ்டா என்ற சிறிய காருடையது. அதாவது, உயர்ந்து நிற்கும் இந்த உடம்புக்குக் கீழே இருப்பது ஒரு ஹேட்ச்பேக்தான். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. வளைவில் இந்த வண்டி தடுமாறாமல் திரும்புவதற்குக் காரணமே அதுதான்.

சென்னைக்குத் தெற்கே, கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலையோரம் மறைமலை நகர் ஆலையில் இது உருவானது. 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தபோது தொடக்க விலை 5.59 லட்சம் ரூபாய். ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. 2015இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா வந்தது. நடுத்தரக் குடும்பத்தை உயரமான இருக்கையில் ஏற்றிவைத்த மூன்று வண்டிகள் ஒரே ஊரின் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவை.

ஈகோஸ்போர்ட்டுக்குத் தொடக்கத்தில் மூன்று எஞ்சின்கள். 1.5 லிட்டர் பெட்ரோலுக்கு 112 குதிரைத்திறன், 1200 சி.சி.யைத் தாண்டியதால் வரிச் சலுகை இல்லை. 1.5 டீசலுக்கு முதலில் 91, 2015க்குப் பிறகு 100. மூன்றாவது, 1 லிட்டர் ஈகோபூஸ்ட். இங்கிலாந்தின் டண்டனில் வடிவமைத்த மூன்று சிலிண்டர் எஞ்சின். அதன் பிளாக் ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கும், ஆனால் டர்போவின் துணையால் 125 குதிரைத்திறன் தரும். 2012 முதல் 2014 வரை மூன்று வருடமும் உலகின் சிறந்த எஞ்சின் விருது அதற்கே. மூன்று சிலிண்டர் என்றால் இயல்பிலேயே உதறும். அதை அடக்கத் தனித்தண்டு எதுவும் போடாமல், ஃப்ளைவீலிலும் முன்புல்லியிலும் வேண்டுமென்றே எடையைச் சாய்த்துச் சமன் செய்தார்கள். அதற்குள் டைமிங் பெல்ட் என்ற பட்டை எண்ணெயில் நனைந்தபடியே சுழல்கிறது. தவறான ஆயில் ஊற்றினாலும், மாற்றாமல் நாள் கடத்தினாலும் பட்டை உதிரும். உதிர்ந்த துகள் ஆயில் பம்பின் வலையை அடைக்கும். ஆயில் ஏறாத எஞ்சின் சில நிமிடங்களில் முடிந்துபோகும். பழைய ஈகோபூஸ்ட் வாங்குகிறவர் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் ஆயில் மாற்றிய பில்களைப் பார்க்க வேண்டும். பில் இல்லையென்றால் வண்டியும் வேண்டாம்.

இதைவிடச் சிக்கலானது கியர்பாக்ஸின் கதை. 1.5 பெட்ரோலுக்கு 2013இல் ஆறு கியர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் தந்தார்கள். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டாவதில் ஓடும்போதே மூன்றாவது தயாராக நிற்கும். நெடுஞ்சாலையில் கியர் மாறுவது தெரியவே தெரியாது. ஆனால் அந்த இரண்டும் எண்ணெயில் நனையாத உலர் கிளட்சுகள். கத்திப்பாராவில் ஊர்ந்து ஊர்ந்து நகரும்போது, கியர்பாக்ஸே ஓயாமல் ஹாஃப் கிளட்ச் போட்டபடி இருக்கும். தேயும், சூடேறும், நடுங்கும். இதே குடும்பத்து கியர்பாக்ஸ் கொண்ட ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வாங்கியவர்களின் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இங்கே அதற்கு முன்பே, 2017 நவம்பரில், புதுப்பித்த ஈகோஸ்போர்ட்டில் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது. அதில் ஊர்ந்து நகரும்போது எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே உரசித் தேயும் தட்டு இல்லை. எண்ணெய்ச் சுழல்தான் விசையைக் கடத்துகிறது. கொஞ்சம் மைலேஜ் குறையும், கொஞ்சம் சோம்பலாகப் புறப்படும். இருந்தாலும் நம் ஊர் நெரிசலுக்கு அதுதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஷோரூமில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று சொன்னால் அத்தோடு விடக்கூடாது, எந்த வகை என்று கேட்க வேண்டும். கைக்கியரின் கிளட்சை மோட்டாரே அழுத்தும் ஏ.எம்.டி. விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது தலை ஆடும். சி.வி.டி. வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் சத்தம்தான் முதலில் வரும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது 2016 மாடல் டீசல், ஐந்து கியர் மேனுவல். 2019இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். நான் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் ஆசை வைத்திருந்தேன். மனைவி கேட்டாள்: “மாசா மாசம் திருநெல்வேலி போயிட்டு வர்றோம். டவுனுக்குள்ள நாம வண்டிய எடுக்கறதே கிடையாது. அப்புறம் எதுக்குங்க?” மெக்கானிக்கும் அதையே வேறு விதமாகச் சொன்னார்: “ஹைவே ஓட்டம்னா டீசல் எடுங்க சார். ஆபீசும் மார்க்கெட்டும் மட்டும்னா பெட்ரோல் போதும். டீசல் எஞ்சின் நல்லா சூடேறி ஓடணும். ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி நிறுத்தினா புகைக்கரி உள்ளேயே படிஞ்சிடும்.” பி.எஸ். 6 டீசல்களில் இது இன்னும் கடுமை. அவற்றின் புகைவடிகட்டி சேர்ந்த கரியை எரித்துத் தள்ள நீண்ட, வேகமான ஓட்டம் கேட்கும்.

வாங்கித் தந்த தரகர் சொல்லாமல் விட்டது பின்கதவை. அது மேலே தூக்குவது அல்ல, பக்கவாட்டில் திறப்பது. கைப்பிடி வலது பின்விளக்குக்குள் ஒளிந்திருக்கிறது. ஸ்டெப்னியின் எடை முழுவதும் கீல்களின் மேல். எங்கள் வண்டியில் கதவு ஒரு விரல் அளவு தொங்கியிருந்தது. அதைச் சரிசெய்த செலவு எங்களுடையது.

550 மில்லிமீட்டர் தண்ணீர் வரை போகலாம் என்று விளம்பரம் செய்த வண்டி இது. சென்னை மழைக்காலத்தில் அந்த எண்ணை நம்பிப் பள்ளிக்கரணைச் சாலையில் இறங்கியிருக்கிறேன். முதல் கியரில், வேகம் மாறாமல், நடுவில் நிற்காமல் போனால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. எதிரே வரும் பஸ் எழுப்பும் அலை அதைக் கணக்கில் வைப்பதில்லை. தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகவே கூடாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மறைமலை நகரிலிருந்து இந்த வண்டி கப்பலேறி ஐரோப்பா போனது. 2018 முதல் அமெரிக்காவிலும் விற்பனையானது. அங்கே பின்கதவில் ஸ்டெப்னி இல்லை. 4 மீட்டர் கட்டாயமும் இல்லாததால் நீளம் சற்று அதிகம். சென்னைத் தொழிலாளி பூட்டிய திருகாணி மிச்சிகன் பனியில் ஓடியது.

2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது கணக்கு. இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் 2022 கோடையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஜூலையில் ஆலையிலிருந்து வெளிவந்த கடைசி வண்டி ஓர் ஈகோஸ்போர்ட். அந்தச் செய்தியைப் படித்த அன்று வாசலில் நின்ற எங்கள் வண்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2024இல் ஆலையை ஏற்றுமதிக்காகத் திறக்க விரும்புவதாக ஃபோர்டிடமிருந்து கடிதம் வந்தது. 2025 அக்டோபரில் எஞ்சின் தயாரிக்க ஒப்பந்தமானது. 2029இல் தொடங்குமாம்.

சர்வீசும் உதிரிபாகமும் இன்னும் கிடைக்கின்றன. போன மாதம் ஆயில் மாற்றப் போனபோது மெக்கானிக் டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். வெடிப்பு எதுவும் இல்லை. இருந்தும், “மாத்திடலாம் சார். ஆர்.சி. 2031 வரைக்கும் இருக்குல்ல” என்றார். மாற்றச் சொன்னேன்.