மூக்கைக் கிள்ளும் கண்ணாடி

போன மாசம் கண் டாக்டர் "வெள்ளெழுத்து வந்துடுச்சு சார்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நாற்பதைத் தாண்டினால் வருவதுதான். கடையில் ஃபிரேம் தேடும்போது ஒரு சந்தேகம்: காதில் மாட்டுகிற சாமானுக்கு ஏன் 'மூக்குக் கண்ணாடி' என்று பேர்?

கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ணாடி தோன்றியபோது அதற்குக் கம்பியே கிடையாது. இரண்டு வில்லைகள், நடுவில் ஓர் ஆணி, அவ்வளவுதான். ட்ரெவிசோ ஊரில் தொம்மாசோ த மொதெனா 1352இல் வரைந்த சுவரோவியத்தில் ஒரு கார்டினல் அதை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கக் கம்பிகள் வந்தது 18ஆம் நூற்றாண்டில்.

வேடிக்கை என்னவென்றால், கம்பி வந்த பிறகும் 19ஆம் நூற்றாண்டில் கம்பியில்லாக் கண்ணாடி மறுபடி ஃபேஷன் ஆனது. ஸ்பிரிங் மூக்கைக் கவ்விக்கொள்ளும்; விழுந்து உடையாமலிருக்க ஒரு நாடா. பிரெஞ்சில் அதன் பெயர் 'பான்ஸ்-நே'. 'பான்ஸ்' என்றால் கிள்ளுவது, 'நே' என்றால் மூக்கு. ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டது. ரஷ்யன் இரண்டையும் ஒட்டி 'பென்ஸ்னே' என்று ஒரே சொல்லாக்கியது. ஜெர்மன்காரர்கள் 'கிள்ளுவது' என்ற பொருளில் சொந்தமாக 'ஸ்விக்கர்' என்றார்கள். ஸ்பானியர்கள் வைத்த பெயர் 'கெவேதோஸ்'. 1645இல் இறந்த கவிஞர் கெவேதோவை ஓவியங்களில் இந்தக் கண்ணாடியோடுதான் பார்க்கிறோம். அவர் பெயரே கண்ணாடிக்கு ஆகிவிட்டது! கலைச்சொல்லைக் கடன் வாங்குவதா, மொழிபெயர்ப்பதா என்று நாம் போடும் சண்டைக்கு இங்கே எல்லா விடையும் இருக்கிறது.

இந்தக் கண்ணாடி ஒவ்வொரு மூக்குக்கும் பொருந்த வேண்டும். அதனால் கண்ணாடியே ஆளின் அடையாளம். 1904இல் வந்த ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், செத்தவன் கையில் கிடைத்த தங்க பான்ஸ்-நேயை வைத்தே ஹோம்ஸ் அதற்குரியவளின் மூக்கு தடிமனானது, கண்கள் நெருக்கமானவை என்று சொல்லிவிடுகிறார். ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) படத்திலோ, புழுத்த இறைச்சியை நல்லது என்று சொன்ன கப்பல் டாக்டரை மாலுமிகள் கடலில் வீசுகிறார்கள். கயிற்றில் தொங்கும் அவருடைய பென்ஸ்னே மட்டும் மிச்சம். ஆளைக் காட்டாமலே ஆள் போய்விட்டதைச் சொல்லிவிடுகிறது.

இப்போது என் கண்ணாடி வந்துவிட்டது. ராத்திரி கழற்றும்போது பார்க்கிறேன்: காதில் ஒன்றுமில்லை, மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம். பாரம் சுமப்பது மூக்குதான். தமிழ்ப் பெயரில் தப்பே இல்லை.