வாகனமற்ற சாரதிக்கும் காப்புறுதி

"காரையே விற்றுவிட்டேன், காப்புறுதி எதற்கு அண்ணா?" மதுபோதையில் வாகனம் செலுத்தித் தண்டிக்கப்பட்டு, அனுமதிப்பத்திரத்தை இழந்திருந்த என் உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் கேட்டார். காப்புறுதிச் சான்றின்றி அதனைத் திருப்பித்தர அவரது மாநிலம் மறுத்திருந்தது.

இதன் வேர் 1925ஆம் ஆண்டில் இருக்கிறது. கனெக்டிகட் மாநிலம் அவ்வாண்டு இயற்றிய சட்டம், விபத்தில் சம்பந்தப்பட்டவர் இனிமேல் நேரக்கூடிய இழப்புக்கு ஈடுசெய்யும் வல்லமையை நிரூபிக்கவேண்டும் என்றது. ஆனால் முதல் விபத்தில் அடிபட்டவருக்கு அதனால் பயனில்லை. மசாசூசெட்ஸ் மாநிலமோ 1927 முதல் வாகன உரிமையாளர் அனைவருக்கும் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. காலப்போக்கில் பெரும்பாலான மாநிலங்கள் இரு வழிகளையும் இணைத்துக்கொண்டன.

தவறிழைத்தவரைக் கண்காணிக்கும் கனெக்டிகட் மரபின் வழிவந்ததே எஸ்.ஆர்.22 என்னும் படிவம். அது காப்புறுதியன்று, காப்புறுதி உண்டென நிறுவனம் மாநில அரசுக்கு வழங்கும் சான்று. காப்புறுதி அறுந்தால் அதனையும் நிறுவனமே அறிவிக்கும். வாகனமற்றவர் பெறும் காப்புறுதி, அவர் இரவல் காரால் பிறருக்கு விளைவிக்கும் இழப்பையே ஈடுசெய்யும். அந்தக் காரின் சேதத்தையன்று.

எனவே அவரிடம் சொன்னேன்: "தம்பி, காரை விற்றீர், வாகனம் ஓட்டும் ஆசையை விற்கவில்லையே! இந்தக் காப்புறுதி உமக்கானதன்று. வீதியில் உமக்கு எதிரே வருபவருக்கானது."

மறுமுனையில் நீண்ட மௌனம்.