மஹாராஜா எங்கே இறங்கினார்?

மாடுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் காலை நடைக்கு வரும் நம்மவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில். ஆகவே நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் விமானத்தில் போய்த்தான் நிற்கும். யார் எந்த வழியாகப் போனார்கள், நடுவில் எத்தனை மணி நேரம் காத்திருந்தார்கள், டிக்கெட் என்ன விலை. கடைசியில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: லண்டன், நியூயார்க் என்று கொடிகட்டிப் பறந்த நம் ஏர் இந்தியா எப்படி இளைத்துப் போயிற்று?

வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், "ஆள் ஜாஸ்தி ஸார், யூனியன் ஜாஸ்தி. அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிடுவார். ஆடிட்டர் நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார். "எல்லாம் 2006ல வாங்கின கடன். போறாக்குறைக்கு ரெண்டு கம்பெனியை ஒண்ணாச் சேர்த்துக் கட்டினா. மூழ்காம என்ன பண்ணும்?" என்பார். வருஷத்துக்கு இரண்டு தடவை நியூஜெர்ஸி போய் வரும் மாமி மட்டும், "யார் சல்லிசா டிக்கெட் தராளோ அவாளோட போறேன். இதுல சரித்திரம் என்ன வேண்டியிருக்கு?" என்று சிரிப்பார்.

ஏற்றுமதிப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். பாஸ்போர்ட்டுகள் நாலு தீர்ந்தாயிற்று. எனக்கும் ஒரு அபிப்ராயம் உண்டு. பெஞ்சில் யாரும் முழுதாகச் சொல்ல விடுவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பக் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டைகளோடு கராச்சியிலிருந்து கிளம்பி, அஹமதாபாத் வழியாக ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து அவருடைய சகா நெவில் வின்ஸென்ட் தபாலை பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுபோனார். ஆக, அந்த முதல் பாதையின் ஒரு முனை நம் மதராஸ். (இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் ஒரு அல்ப சந்தோஷம்.) 1946இல் ஏர் இந்தியா என்ற பெயர் வந்தது. பாபி கூக்கா புண்ணியத்தில் மீசை வைத்த மஹாராஜாவும் அதே வருஷம் பிறந்தார். 1948 ஜூன் 8ஆம் தேதி 'மலபார் பிரின்ஸஸ்' கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போயிற்று. 1953இல் தேசியமயம். ஜே.ஆர்.டி.க்கு அதில் சம்மதமில்லை. இருந்தும் தலைவர் பதவியில் தொடர்ந்தார். 1960இல் போயிங் 707 நியூயார்க் போயிற்று. 1962இல், உலகிலேயே முதன்முதலாக ஜெட் விமானங்கள் மட்டுமே வைத்திருக்கும் கம்பெனி என்று பெயர் வாங்கினோம். தாமே பயணியாக உட்கார்ந்து போய், காபி நிறத்திலிருந்து கழிவறைச் சுத்தம் வரை குறித்துக்கொண்டு வந்து அதிகாரிகளுக்கு எழுதும் தலைவர் இருந்தார். 1978இல் மொரார்ஜி அரசு அவரை நீக்கியது.

நான் முதன்முதலில் கடல் கடந்தது அதற்கு அடுத்த வருஷம். ஜன்னலைச் சுற்றி ராஜஸ்தானத்து மாடம் போல வர்ணம் தீட்டிய ஜம்போ ஜெட். லண்டனில் நாங்கள் பாதிப் பேர் இறங்கினோம். அதே விமானத்தில் நியூயார்க் போவதற்கு வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நம் விமானத்துக்காக அவர்கள் காத்திருப்பதைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. அதன் பின்னால் இருந்த சூட்சுமம் அப்போது தெரியவில்லை. என் வாதமே அந்த சூட்சுமத்தில்தான் இருக்கிறது.

1944இல் சிகாகோவில் கூடிய நாடுகள், ஒவ்வொரு தேசத்துக்கும் தன் தலைக்கு மேலுள்ள ஆகாயம் சொந்தம் என்று ஒப்புக்கொண்டன. அதனால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு தேசத்து ஊருக்கு விமானம் விட, கையில் காசு இருந்தால் போதாது. இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, வாரத்துக்கு இத்தனை ஸீட் உனக்கு, அத்தனையே எனக்கு என்று எழுதிக்கொள்ள வேண்டும். வழியில் உள்ள மூன்றாவது தேசத்தில் பயணிகளை ஏற்றிக்கொள்ளத் தனி உரிமை. அதற்கு ஐந்தாவது சுதந்திரம் என்று பெயர். லண்டனில் நான் பார்த்த வரிசை அதுதான். ஆறாவது ஒன்று உண்டு: அயல் தேசத்துப் பயணியைத் தன் ஊருக்கு அழைத்து வந்து, விமானம் மாற்றி, மூன்றாவது தேசத்துக்கு அனுப்புவது. ஒரு விமானக் கம்பெனிக்கு விமானத்தைவிடப் பெரிய சொத்து இந்த உரிமைகள். ஆனால் பயன்படுத்தாத உரிமை, உழாத நிலம் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் மறுப்பதற்கு நியாயம் இருக்காது.

ஏர் இந்தியா உழவில்லை. 1996இல் கடைசி 747-400 வந்து சேர்ந்தது. அதன் பிறகு பத்து வருஷம் பெரிய விமானம் ஒன்றுகூடச் சொந்தமாக வாங்கவில்லை. அந்தப் பத்து வருஷத்தை யோசித்துப் பாருங்கள். நம் குழந்தைகள் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போனதும், அவர்கள் பிரசவத்துக்கு நாம் போனதும் அப்போதுதான். ஜனங்கள் வந்து குவிகிற வேளையில் பிளேன் இல்லை. வாங்கலாமா என்று கோப்பு டெல்லிக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. 2001இல் டாட்டாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நாற்பது சதவீதப் பங்கு கேட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, செப்டம்பரில் சிங்கப்பூர்க்காரர்கள் விலகிக்கொண்டார்கள்.

எமிரேட்ஸ் 1985இல் கிளம்பியபோது பறந்த முதல் ஊர்களில் கராச்சியும் பம்பாயும் உண்டு. ஜே.ஆர்.டி. ஆரம்பித்த அதே இரண்டு ஊர்! கடன் வாங்கிய விமானங்களோடு வந்தவர்கள் அவர்கள். துபாய்க்கென்று நாம் கொடுத்த ஸீட்டுகளில் துபாயோடு நிற்கிறவர் ஒரு பங்கு. மற்றவர் லண்டனும் நியூயார்க்கும் போகிறவர்கள். 2014இல் அந்த ஒப்பந்தம் வாரத்துக்குச் சுமார் 65 ஆயிரம் ஸீட் என்ற அளவுக்கு வந்துவிட்டது. அதே எண்ணிக்கை நம் கம்பெனிகளுக்கும் உண்டு. காகிதத்தில் சமம். ஆனால் நம்மவர்களுக்கு துபாயில் இறக்கிவிடத்தான் தெரியும். அவர்களுக்கு அங்கிருந்து உலகம் பூராவும் கொண்டுபோகத் தெரியும்.

அரசாங்கத்தை மட்டும் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. கொச்சிக்காரரும் ஹைதராபாத்காரரும் டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி மாறவேண்டிய அவஸ்தை, வளைகுடா விமானங்கள் அவர்கள் ஊருக்கே வந்ததும் போயிற்று. அந்த ஸீட்டுகளை மறுத்திருந்தால் திண்டாடியிருக்கப்போவது பயணிதான். மாமி கட்சியிலும் சாரம் இருக்கிறது.

ஆடிட்டர் சொல்லும் 2006க்கு வருகிறேன். அந்த வருஷம் ஒரே மூச்சில் 68 போயிங் விமானங்களுக்குக் கையெழுத்திட்டார்கள். 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸை இணைத்தார்கள். 2009-10இல் மட்டும் நஷ்டம் ஐயாயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல். 2011இல் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, கடனில் வாங்கியதையும் சாடியது, துபாய் போன்ற ஊர்களுக்கு ஸீட்டுகளை வாரிக் கொடுத்ததையும் சாடியது. பின்னதை நம் ஆடிட்டர் சௌகரியமாக மறந்துவிடுவார். என் கணக்கில் விமானம் வாங்கியது தப்பில்லை. பத்து வருஷம் பட்டினி போட்டுவிட்டு ஒரே நாளில் கல்யாண விருந்து போட்டது தப்பு. விருந்து வந்தபோது பந்தியில் வேறு ஆட்கள் உட்கார்ந்தாயிற்று.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. அந்த 68இல் எட்டு விமானங்கள் 777-200 எல்.ஆர். என்ற ரகம், இடையில் நிற்காமல் அமெரிக்கா போகக்கூடியவை. எண்ணெய் குடிக்கிறது, கட்டுப்படியாகவில்லை என்று 2013-14இல் ஐந்தை அபுதாபியின் எதிஹாத்துக்கு விற்றார்கள். மிச்சமிருந்த மூன்றை நம்பித்தான் 2015 டிசம்பரில் டெல்லியிலிருந்து நேரே ஸான்ஃப்ரான்ஸிஸ்கோவுக்கு விட்டார்கள். நிற்காமல் போக ஜனங்கள் தயாராகவே இருந்தார்கள். விற்றது விற்றதுதான்.

'ஆள் ஜாஸ்தி' கட்சிக்கும் ஒரு வார்த்தை. ஜாஸ்திதான், மறுக்கவில்லை. ஆனால் என் மைத்துனர் 1990இல் குவைத்தில் இருந்தார். ஸதாம் படை புகுந்ததும் ஒரு கைப்பெட்டியோடு பாக்தாத் வழியாக பஸ்ஸில் அம்மான் வந்து சேர்ந்தார். அங்கிருந்து பம்பாய்க்கு 488 நடைகளில் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேரைக் கொண்டு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் அவர் ஒருவர். ஸஹார் விமான நிலையத்தில் தாடியும் அழுக்குச் சட்டையுமாக வெளியே வந்தவரை என் தங்கைக்கு அடையாளம் தெரியவில்லை. ஓட்டியதும் பரிமாறியதும் அதே 'ஜாஸ்தி' ஆட்கள்தான். லாப நஷ்டக் கணக்கில் இதற்கு எந்தப் பத்தியில் இடம் என்று ஆடிட்டரைக் கேட்டேன். அன்று மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

பிறகு நடந்தது அண்மைச் செய்தி. 2018இல் 76 சதவீதத்தை விற்கப் பார்த்தார்கள், கேட்க ஆளில்லை. 2021இல் டாட்டா 18,000 கோடிக்கு எடுத்தார்கள், அதில் 15,300 கோடி கடனாக. அப்போது மொத்தக் கடன் 61 ஆயிரம் கோடிக்கு மேல். மிச்சம் நம் தலையில். 2022 ஜனவரியில் கம்பெனி கைமாறியது. 2024 நவம்பரில் விஸ்தாரா இணைந்தபோது 25.1 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது யார் தெரியுமோ? 2001இல் வாசல் வரை வந்து திரும்பிப் போன அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்.

என் பங்கையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2008 வரை பிடிவாதமாக மஹாராஜாவோடுதான் போவேன். அந்த வருஷம் ஹூஸ்டனில் இருக்கும் பையன், "அப்பா, துபாய்ல ஒரே ஒரு மாற்றம். நேரே இங்கே வந்து இறங்கிடலாம்" என்று டிக்கெட் அனுப்பினான். ஏர் இந்தியா ஹூஸ்டனுக்குப் போவதே கிடையாது. போனேன். சௌகரியமாகத்தான் இருந்தது. பிறகு அதுவே பழக்கமாயிற்று.

அடுத்த மாதம் மறுபடியும் ஹூஸ்டன். டிக்கெட் வந்துவிட்டது. எந்த வழியாக என்று பெஞ்சில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.