ரெடிமேட் (கலை)

கடையில் விற்கும் சாதாரணப் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் இடத்தையோ கிடையையோ பெயரையோ மாற்றிக் கலைப்படைப்பாக முன்வைக்கும் முறை. துணிக்கடைச் சொல்தான் இது. தைத்துத் தயாராக விற்கும் ஆடைகளுக்கு அமெரிக்காவில் வழங்கிய பெயரை, பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம் (1887–1968) 1915 வாக்கில் தாம் தேர்ந்த பொருள்களுக்கு வைத்தார்.

அதற்கு முன்பே, 1913இல், பாரிஸில் ஒரு ஸ்டூலின் மேல் சைக்கிள் சக்கரத்தைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார். அதைச் சுழலவிட்டு, கணப்பில் தீ ஆடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கப் பிடித்திருந்தது என்று பின்னாளில் சொன்னார். அதை ரெடிமேட் வரிசையில் சேர்க்கலாமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1914இல் ஒரு பல்பொருள் அங்காடியில் பாட்டில் தாங்கி வாங்கினார்: கழுவிய மதுப்புட்டிகளைக் கவிழ்த்து உலர்த்த, வட்டவட்டமாய் இரும்புக் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சாமான். அவர் நியூயார்க் சென்றதும் தங்கை சுசான் அறையை ஒழித்துச் சுத்தம் செய்தார். சக்கரம், தாங்கி இரண்டுமே குப்பைக்குப் போயின. தாங்கியில் ஒரு வாசகம் எழுதித் தம் சார்பில் கையெழுத்திடும்படி 1916 ஜனவரியில் துஷாம் எழுதிய கடிதம், பொருள் போன பிறகே வந்து சேர்ந்தது.

வரலாறு விரிவாகப் பதிவாகியிருப்பது 1917இல். நியூயார்க் சுயேச்சைக் கலைஞர் சங்கம் ஏப்ரலில் தன் முதல் கண்காட்சியை நடத்தியது. 6 டாலர் கட்டினால் யாரும் படைப்பு வைக்கலாம், தேர்வுக்குழு கிடையாது. ‘ஆர். மட்’ என்பவர் பெயரில் ‘நீரூற்று’ என்ற தலைப்புடன் வந்தது ஒரு பீங்கான் சிறுநீர்க் கோப்பை. ஆண்கள் கழிப்பறைச் சுவரில் நிற்கவேண்டியதை மல்லாத்திக் கிடத்தி, ஓரத்தில் கறுப்பு வண்ணத்தில் பெயரும் ஆண்டும் எழுதியிருந்தது. இயக்குநர்கள் வாக்கெடுத்து அதைக் காட்சிக்கு வைக்க மறுத்தார்கள். அவர்களில் ஒருவரான துஷாம் பதவி விலகினார்.

புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் அந்தக் கோப்பையைத் தம் கலைக்கூடத்தில் வைத்துப் படம் பிடித்தார். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கோப்பையின் குழிவுக்குள் நிழல் இறங்குகிறது. அதன் வடிவில் அமர்ந்த புத்தரைக் கண்டவர்களும் அன்று இருந்தார்கள். கிடையை மாற்றியதைத் தவிர பீங்கானை யாரும் செதுக்கவில்லை, வளைக்கவில்லை. மூலப்பொருள் விரைவிலேயே தொலைந்தது. இந்தப் படம்தான் மிச்சம். மே மாதம் ‘தி பிளைண்ட் மேன்’ சிற்றிதழ் படத்தோடு வெளியிட்ட தலையங்கம், புதிய பெயரும் பார்வையும் வந்ததும் பொருளின் பழைய பயன் மறைந்துவிட்டது என்று வாதிட்டது. அதில் எழுதியவர் பெயரில்லை. இதழை நடத்தியவர்களில் ஒருவரான பியாட்ரிஸ் வுட் என்பர் சிலர், துஷாமே என்பர் சிலர்.

கோப்பையை அனுப்பியவர் யார் என்பதும் முடியாத வழக்கு. ஆண் புனைபெயரில் ஒரு தோழி அனுப்பியதாகத் துஷாமே 1917 ஏப்ரல் 11இல் சுசானுக்கு எழுதியிருக்கிறார். இக்கடிதம் 1980களில் அச்சேறிய பின், அந்தத் தோழி கவிஞர் எல்சா ஃபான் ஃப்ரைடாக்-லோரிங்ஹோஃபன் என்ற கருத்து எழுந்தது. அதை மறுப்போரும் பலர். பிற்காலத்தில் துஷாம் ‘நீரூற்’றைத் தம்முடையதாகவே பேசினார்.

அடுத்த இருபது ஆண்டுகளில் பிற கலைஞர்களும் அன்றாடப் பொருள்களைக் கையாண்டார்கள். மான் ரே இஸ்திரிப்பெட்டியின் அடியில் ஆணிகளை ஒட்டினார் (1921). மெரெட் ஓப்பன்ஹைம் தேநீர்க் கோப்பை, தட்டு, கரண்டிக்கு விலங்கின் மென்மயிர்த்தோல் போர்த்தினார் (1936). இவை மாற்றியமைத்த பொருள்கள் என்பதால் தனிவகையாகக் கருதப்படுவதுண்டு. 1964இல் மிலான் நகரக் கலைவணிகர் அர்த்துரோ ஷ்வார்ட்ஸ், துஷாமின் ஒப்புதலோடு ‘நீரூற்று’க்கு 8 எண்ணிட்ட பிரதிகள் செய்வித்தார். ஸ்டீக்லிட்ஸ் படத்தைப் பார்த்து அவை கையால் வனையப்பட்டன. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பெரும்பாலும் இவையே.

இந்தியாவில் சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களைக் குவித்துப் பெரிய மண்டையோட்டை அமைத்தார் (2006). ஷீலா கௌடாவின் 2009ஆம் ஆண்டுப் படைப்பு, வண்டி பம்பரில் திருஷ்டிக்காகக் கட்டும் முடிக்கயிற்றால் ஆனது. கோயில்களில் மொட்டையடித்துக் காணிக்கையாகும் தலைமுடியிலிருந்து திரித்த கயிறு, ஏறத்தாழ 4,000 மீட்டர், தரையெங்கும் சுருண்டு கிடக்கிறது. பளபளக்கும் எஃகு பம்பர்களைச் சுவரில் தாங்கி நிற்பதும் அந்தக் கயிறுதான்.