விண்மீனுக்கும் ஒரு பேரேடு

தேஹு ரோடு இராணுவத் தளவாடக் கிடங்கை அறிந்த நம்மவர்க்கு எண்ணின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எண் எழுதப்படாத பெட்டி, கிடங்கில் இருந்தும் இல்லாததே ஆகும். வானை ஆராயும் கூடங்களிலும் இவ்வழக்கே நிலவுகின்றது. நமக்கு அண்மையிலுள்ள சான்றொன்றைக் கொண்டு இதனைக் காண்போம்.

உதகைக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி 1970-இல் இயங்கத் தொடங்கியது. அதனை அமைத்த குழுவின் தலைவர் கோவிந்த் ஸ்வரூப் ஆவார். பின்னர் அவர் தலைமையிலேயே, புனேக்கு வடக்கே நாராயண்காவை அடுத்த கோடத் சிற்றூரைச் சூழ, 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது அலைவாங்கிகள் எழுந்தன. நீலகிரியில் பெற்ற பயிற்சி மராட்டிய மண்ணில் பயன் தந்தது.

2002-ஆம் ஆண்டில் இக்கருவி உலக வானியலார்க்குத் திறந்துவிடப்பட்டது. வேண்டுவோர் பலர், மணி நேரமோ அளவுடையது. ஆகவே ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் இரு சுற்றுக்களாக ஆண்டு பகுக்கப்பட்டது. வரும் விண்ணப்பங்களை ஒரு குழு சீர்தூக்கி நேரத்தைப் பங்கிடுகின்றது. ஒவ்வொரு திட்டத்திற்கும் ஓர் அடையாள எண் உண்டு. 18_031 என்றால், பதினெட்டாம் சுற்று, வரிசையில் 31 என்பது பொருள். ஆய்வாளரின் பெயரோ நாடோ அதில் இல்லை.

சிலி நாட்டிலுள்ள ஆல்மா கூடம் எண்ணின் முகப்பில் ஆண்டையே பொறிக்கின்றது. ஐரோப்பியத் தென்வானக் கூடமோ, அரையாண்டுப் பருவத்தின் எண்ணோடு ஆய்வுப் பொருளைக் குறிக்கும் எழுத்தொன்றையும் நெடுங்காலம் சேர்த்து வந்தது. முறை வேறாயினும் நோக்கம் ஒன்றே.

அந்நோக்கம் யாது? கருவி பெற்ற பதிவுகள் யாவும் அவ்வெண்ணின் கீழ்ச் சேமிக்கப்படுகின்றன. 18 மாதங்கள் அவை விண்ணப்பித்தவர்க்கே உரியன. அதன்பின் கேட்பவர் எவர்க்கும் கிடைக்கும்.

மேலே சொன்ன 18_031 கற்பனை எண்ணன்று. 2010 முதல் 2012 வரை சுமார் 2000 மணி நேரம் வானை அளந்த பெருந்திட்டத்தின் எண் அது. திட்டக் குழுவினர் அதன் ஒரு பகுதியை ஆராய்ந்து வெளியிட்டனர். பெரும்பகுதி சேமிப்பிலேயே கிடந்தது. டச்சு வானியலார் ஹைப் இன்டெமாவும் துணைவர் மூவரும் அப்பழம் பதிவுகளை எடுத்து, புதிய முறையால் பிழை நீக்கி, 2016-இல் முழு வரைபடமாக வெளியிட்டனர். வானத்தின் பத்தில் ஒன்பது பங்கு அதில் அடங்கியது. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட வானொலி மூலங்கள் பட்டியலேறின. பேரேட்டில் எண் பிழைபட்டிருந்தால் அத்துணை உழைப்பும் தேடுவாரற்றுப் போயிருக்கும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டிக் கோடத்தில் பொதுமக்களை வரவேற்பது வழக்கம். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவோமாக. உதகையில் கற்ற வித்தை இங்கு ஓங்கி நிற்பதை அவர்களும் அறியட்டும்.