குத்துச்சண்டைக் களமும் குறி சொன்னவர்களும்

1964ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் மியாமி கடற்கரை நகரில் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்திற்கான போட்டியொன்று நடைபெற்றது. பட்டத்தை வைத்திருந்தவர் சன்னி லிஸ்டன். அறைகூவி வந்தவர் காஸியஸ் கிளே என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர். வெற்றி யாருக்கு என்று போட்டிக்கு முன்னர் 46 விளையாட்டு நிருபர்களிடம் வினவியபோது, அவர்களுள் 43 பேர் லிஸ்டனுக்கே என்றனர். சூதாட்டக்காரர்களின் பந்தய விகிதம் ஏழுக்கு ஒன்று என்றிருந்தது. அதாவது, கிளேயின்மீது ஒரு டாலர் வைத்தவருக்கு, அவர் வென்றால் ஏழு டாலர் கிடைக்கும். நியூயார்க் டைம்ஸ் ஏடு தன் மூத்த குத்துச்சண்டை நிருபரை அனுப்பவில்லை. ராபர்ட் லிப்ஸைட் என்ற இளைஞரை அனுப்பியது. போட்டி நடக்கும் அரங்கிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் வழியை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுமாறு அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. கிளேயைத் தூக்கிச் செல்லும்போது பின்தொடர்ந்து ஓட வேண்டுமல்லவா!

ஆறு சுற்றுகள் முடிந்தன. ஏழாம் சுற்றுக்கு மணி ஒலித்தபோது லிஸ்டன் தம் இருக்கையை விட்டு எழவில்லை. தோளில் காயம் என்றார். மருத்துவமனைக்கு வழி பார்த்து வைத்திருந்த நிருபர், புதிய உலக வீரரைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. அவ்வீரர் அடுத்த சில நாட்களில் முகம்மது அலி என்று பெயர் மாற்றம் பெற்றதும், உலகின் மூலைமுடுக்கிலுள்ள முஸ்லிம் இல்லங்களிலெல்லாம் அப்பெயர் பேசப்பட்டதும் நம் வாசகர்கள் அறிந்தவையே. அன்று அவர் சேர்ந்திருந்த எலிஜா முகம்மதுவின் இயக்கம் அகீதாவில் நம்மோடு ஒத்தது அன்று. 1975இல் எலிஜா மறைந்த பின்னர், அவருடைய மகன் வாரிதுத்தீன் அவ்வியக்கத்தைப் பொதுவான இஸ்லாமிய நெறிக்குத் திருப்பியபோது அலியும் உடன் வந்தார். இதனையும் இங்கே குறித்துவிடுவது நேர்மையாகும்.

அந்த 43 நிருபர்களும் அறிவிலிகள் அல்லர். அவர்கள் கையில் கணக்கு இருந்தது. ஃபிளாய்டு பாட்டர்ஸன் என்ற உலக வீரரை லிஸ்டன் 1962இலும் 1963இலுமாக இருமுறை, இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே வீழ்த்தியிருந்தார். அவருடைய கைகளை விரித்து அளந்தால் 84 அங்குலம். கிளேயோ கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, வரும் குத்துக்குத் தலையைப் பின்னால் சாய்த்துத் தப்பும் பழக்கமுடையவர். பயிற்சியாளர் எவரும் அதனைத் தவறென்றே சொல்வர். எடை பார்க்கும் காலையில் (லிஸ்டன் 218 இராத்தல், கிளே 210½ இராத்தல்) அந்த இளைஞர் கூச்சலிட்டு ஆர்ப்பரித்ததைக் கண்ட மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்தார். இயல்பாக நிமிடத்திற்கு 54 துடிக்கும் நாடி 120 துடித்தது. கிளே அஞ்சி நடுங்குகிறார் என்று செய்தி பரவியது. ஒரு மணி நேரம் கழித்துக் கிளேயின் சொந்த மருத்துவர் ஃபெர்டி பச்சேக்கோ பார்த்தபோது நாடி இயல்புநிலைக்குத் திரும்பியிருந்தது. அந்தச் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. இந்த மருத்துவரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

கிளேயின் பக்கம் நின்றவருள் மால்கம் எக்ஸும் ஒருவர். பிறைக்கும் சிலுவைக்கும் இடையிலான போர் என்று அவர் அதனை வருணித்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் காண்கிறோம். அன்னார்மீது நமக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் இருவர் பணத்திற்காக மோதிய மோதலுக்கு அத்துணைப் பெரிய பெயர் வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

நிருபர்கள் ஒருபுறம் கணிக்க, கிளேயே தம் போட்டிகளுக்கு எதுகை மோனையோடு குறி சொல்லும் வழக்கமுடையவராக இருந்தார். எதிரி எந்தச் சுற்றில் விழுவான் என்று முன்னதாகவே அறிவித்துவிடுவார். 1962 நவம்பரில் முதுபெரும் வீரர் ஆர்ச்சி மூர் நான்காம் சுற்றில் வீழ்வார் என்றார், அவ்வாறே வீழ்ந்தார். 1963 ஜூனில் இலண்டனில் ஹென்றி கூப்பர் ஐந்தாம் சுற்றில் தோற்பார் என்றார். அவ்வாறே போட்டி ஐந்தாம் சுற்றில் நிறுத்தப்பட்டது. இவ்விரண்டையும் ஊரெல்லாம் பேசிற்று. ஆனால் கூப்பரின் இடக்கைக் குத்தொன்று நான்காம் சுற்றின் இறுதியில் கிளேயையே தரையில் உட்கார வைத்ததை எந்தக் குறியும் முன்னறிவிக்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் டக் ஜோன்ஸ் என்பவர் நான்கு சுற்றுகள்கூடத் தாங்கமாட்டார் என்று கிளே சொல்லியிருக்க, அந்த மனிதர் பத்துச் சுற்றுகளும் நின்று, மிகச் சிறிய புள்ளி வேறுபாட்டிலேயே தோற்றார். லிஸ்டன் எட்டாம் சுற்றில் விழுவார் என்று சொன்னதும் பொருந்தவில்லை. பலித்ததை எண்ணிப் பலிக்காததை மறப்பது குறி கேட்பவர்களின் பழைய குணம். அக்கால அரபுநாட்டுக் காஹின்கள் இந்தக் குணத்தை நம்பியே பிழைத்தனர்.

இப்பொருளை நாம் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம்மிடம் ஓதும் மாணவர் இருவர், வரவிருந்த போட்டியொன்றில் வெல்பவர் யார் என்று உரத்து வாதிட்டுக்கொண்டிருந்தனர். இன்னார் மூன்றாம் சுற்றில் முடித்துவிடுவார் என்ற ஒருவர், நம்மைக் கண்டதும் அவசரமாக ஓர் ‘இன்ஷா அல்லாஹ்’வைச் சேர்த்துக்கொண்டு, தம் கணிப்பு மார்க்கத்திற்கு உட்பட்டதாகிவிட்டது என்று மகிழ்ந்தார். மற்றவர் கெட்டிக்காரர். ரோமர்கள் மீண்டும் வெல்வார்கள் என்று அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் மக்கத்துக் குறைஷியரிடம் ஒட்டகங்களைப் பணயம் வைக்கவில்லையா, என்று நம்மையே மடக்கினார்.

மடக்கியது சரியன்று. ஸித்தீக் நாயகம் அவர்கள் தம் மதிப்பீட்டின்மீது பணயம் வைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் ரோமர் வெல்வர் என்று இறங்கிய வஹீயின்மீது வைத்தார்கள். அதுவும் சூதாட்டம் விலக்கப்படுவதற்கு முந்திய நிகழ்ச்சி என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். பின்னர் மாயிதா அத்தியாயத்தில் விலக்கு வந்தபோது சூதாட்டமும், அம்பெறிந்து குறி பார்ப்பதும் ஒரே வசனத்தில் நிறுத்தப்பட்டதை ஓதியவர்கள் அறிவர். குத்துச்சண்டைக் கணிப்புகளின் வரலாற்றைப் பார்க்கும்போது அவ்விரண்டும் எத்துணை நெருங்கிய உறவு என்பது நமக்கு விளங்குகிறது. பந்தயக்காரன் விகிதம் குறிப்பான். ஏடு அதனை அச்சிடும். நிருபர் அதற்குக் காரணம் எழுதுவார். படித்தவர் பணம் வைப்பார்.

அதற்காக, வருவதை மதிப்பிடுவது முழுவதும் கூடாது என்று சொல்லிவிட முடியாது. கைபர் தோட்டங்களில் மரத்தில் நிற்கும் பேரீச்சம் பழம் எவ்வளவு தேறும் என்று மதிப்பிட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். மரத்தைச் சுற்றி வந்து, குலையைப் பார்த்து, இவ்வளவு என்று சொல்வதுதான் அது. கிதாபுகளில் ‘கர்ஸ்’ என்று தனித் தலைப்பே உண்டு. தண்ணீர் பட்டால் புண் முற்றும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் உளூவுக்குப் பதிலாகத் தயம்மும் செய்துகொள்ளலாம் என்பதும் நாம் அறிந்த மஸ்அலா. புண் இன்னும் முற்றவில்லை. முற்றும் என்று அவர் சொல்கிறார், அவ்வளவே. நாளை தனக்கு என்ன வரும் என்பதை எவ்வுயிரும் அறியாது என்று லுக்மான் அத்தியாயத்தின் இறுதியில் ஓதுகின்ற நாமே, அம்மருத்துவரின் சொல்லை ஏற்று வணக்கத்தின் முறையையே மாற்றிக்கொள்கிறோம். காரணங்களைக் கண்ணால் கண்டு, அதில் தேர்ந்தவர் சொல்லும் மேலான எண்ணத்திற்குச் ஷரீஅத் கொடுத்துள்ள இடம் அது. மாணவர்களுக்கு இதனை விளக்குவதற்கு முகம்மது அலியின் பிற்கால வரலாற்றைப் போல் ஒரு சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததற்காக 1967இல் அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. மூன்றரை ஆண்டுகள் மேடையேற முடியாமல் இருந்து, திரும்பி வந்து, 1971இல் ஜோ ஃபிரேஸியரிடம் தோற்றார். 1973இல் கென் நார்ட்டனிடம் தாடை உடைபட்டுத் தோற்றார். அந்த ஃபிரேஸியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றுகளில் சாய்த்தவர் ஜார்ஜ் ஃபோர்மன். ஃபோர்மன் ஆடிய போட்டிகள் 40, வென்றவை 40, அவற்றுள் 37இல் எதிரி முழுமையாக ஆடி முடிக்கவில்லை. வயது 25. அலிக்கு 32. ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டுத் தலைநகரான கின்ஷாசாவில், அதிபர் மொபுட்டுவின் ஏற்பாட்டில், ஆளுக்கு ஐம்பது இலட்சம் டாலர் ஊதியத்திற்கு இருவரும் மோதுவதென முடிவாயிற்று. இம்முறை அலியின் வெற்றியைப் பற்றி வினவியவர் குறைவு. அவர் உயிர் பிழைப்பாரா என்று கவலைப்பட்டவர்களே மிகுதி. ஹோவர்டு கோஸல் என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி வருணனையாளர் பிரியாவிடை கொடுப்பவர்போல் பேசினார்.

1974 அக்டோபர் 30 அன்று, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ஏற்ற நேரமாக, கின்ஷாசாவில் அதிகாலை நான்கு மணிக்குப் போட்டி தொடங்கிற்று. அலி ஓடி விளையாடுவார், ஓட முடியாதபோது விழுவார் என்பது எல்லாரும் போட்டிருந்த கணக்கு. அவரோ இரண்டாம் சுற்றிலேயே கயிற்றில் சாய்ந்து நின்று, முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டு, விலாவிலும் தோளிலும் ஃபோர்மனை அடிக்க விட்டார். கயிற்றை விட்டு வெளியே வருமாறு அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீயே கத்தினார். அடித்து அடித்துக் கை சோர்ந்த ஃபோர்மனை எட்டாம் சுற்றில் அலி வீழ்த்தினார். போட்டிக்கு இடையூறாகுமோ என்று அமைப்பாளர்கள் அஞ்சிய மழை, எல்லாம் முடிந்த பின்னர் வந்து கொட்டியது.

இவ்வெற்றியே பின்னாளில் அவருக்குப் பெருங்கேடாயிற்று என்பது நம் எண்ணம். அன்று கயிற்றில் சாய்ந்து வாங்கிய அடிகளைக் கெட்டிக்காரத்தனம் என்று உலகம் புகழ்ந்தது. 1975 அக்டோபரில் மணிலாவில் ஃபிரேஸியரோடு 14 சுற்றுகள் மோதி வென்றபோதும் புகழ்ந்தது. 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸ் என்ற வலிய குத்தாளரோடு 15 சுற்றுகள் நின்று வென்றார். அப்போதுதான் மருத்துவர் பச்சேக்கோ, சோதனைச் சாலையின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, சிறுநீரகங்கள் கெட்டுவருகின்றன, இனி ஆடலாகாது என்று அலிக்கும் அவருடைய துணைவியாருக்கும் பொறுப்பாளருக்கும் எழுதினார். மறுமொழி வரவில்லை. அவர் அலியின் குழுவை விட்டு விலகிக்கொண்டார்.

அது குலையைப் பார்த்துச் சொன்ன மதிப்பு. அதனை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? இருமுறை நிபுணர்களுள் பெரும்பாலோர் தோற்பார் என்றபோது வென்றவர் அலி. நிபுணர் சொல் பொய்க்கும் என்பது அவரைச் சூழ்ந்திருந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. நிருபரின் ஊகமும் மருத்துவரின் எச்சரிக்கையும் அவர்கள் காதில் ஒன்றாகவே ஒலித்தன.

1980 ஜனவரியில் அலி நம் சென்னைக்கு வந்தார். போட்டியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த காலம் அது. பழைய வீரர் ஜிம்மி எல்லிஸோடு மேடையில் காட்சிக்காக ஆடிக் காட்டினார். அன்று கண்டவர்கள் நம் குடும்பங்களில் இன்றும் இருக்கின்றனர். அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதை அவர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், 38 வயதில், பட்டத்தை நான்காம் முறை பெறுவதற்காக அவர் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸின் எதிரில் நின்றார். முன்னொரு காலத்தில் அலிக்கே பயிற்சித் துணையாக இருந்தவர் ஹோம்ஸ். அலியின் உடல் மெலிந்து முடி கறுத்திருப்பதைக் கண்டவர்கள், கின்ஷாசாவை நினைத்துக்கொண்டு மீண்டும் ஓர் அற்புதத்தை எதிர்பார்த்தனர். பலர் பணமும் வைத்தனர். நடுவர் மூவரின் குறிப்பிலும் அலிக்கு ஒரு சுற்றுக்கூடக் கிடைக்கவில்லை. பத்தாம் சுற்று முடிந்ததும் டண்டீ போட்டியை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் அழுதார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் இன்னொரு தோல்வி, அதுவே கடைசி. 1984இல் பார்க்கின்ஸன் நோய்க்குறி என்று மருத்துவர்கள் கண்டறிந்தபோது அலிக்கு வயது 42. அந்நோய்க்கு அடிகள்தாமா காரணம் என்பதில் மருத்துவர்களின் கருத்து ஒருமிக்கவில்லை. 2016 ஜூன் 3ஆம் நாள் அன்னார் மறைந்தார். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

சண்டையிட நேர்ந்தாலும் முகத்தில் அடிக்காதீர் என்ற கருத்தில் ஸஹீஹான ஹதீஸ் உண்டு. ருகானா என்ற மல்லரோடு நாயகம் (ஸல்) அவர்கள் மல்யுத்தம் செய்த செய்தியும் உண்டு. உடல் வலிமையை மார்க்கம் வெறுக்கவில்லை. இவ்விரண்டையும் நாம் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். 1987இல் மக்காவில் கூடிய முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹுக் குழு, எதிராளிக்குக் கேடு விளைவிப்பதையே முறையாகக் கொண்ட இன்றைய குத்துச்சண்டை விலக்கப்பட்டது என்று தீர்மானித்தது.

மாணவர்களிடம் இவ்வளவையும் சொன்னோம். பணம் வைப்பது ஹராம். வெல்வார் என்று அடித்துச் சொல்வது வீண். அடிபடுபவனின் உடலைப் பற்றித் தேர்ந்தவர் சொல்வது கேட்கத்தக்கது என்றோம். ‘இன்ஷா அல்லாஹ்’ சொன்ன மாணவர் தலையசைத்தார். கெட்டிக்காரர், கின்ஷாசா போட்டியின் பழைய படத்தைப் பார்க்கலாமா, ஹஜரத், என்று கேட்டார். அது வேறு மஸ்அலா. பாடத்தை எடுங்கள் என்றோம்.