மரபுத்தொடரும் மொழிபெயர்ப்புப் பிழையும்

ஒரு மொழியின் சொற்களையும் இலக்கணத்தையும் முறையாகக் கற்றவரும் அம்மொழியின் மரபுத்தொடர்முன் தயங்கி நிற்பதுண்டு. ஒவ்வொரு சொல்லின் பொருளும் தெரியும். தொடரின் பொருள் தெரியாது. ஆங்கிலம் பயில்வோர் இவ்விடர்ப்பாடு நீங்கத் தொடரின் தோற்றத்தைத் தேடுகின்றனர். தோற்றம் தெரியின் பொருள் தானே விளங்கும் என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு எத்துணை பொருந்தும் என்பதைக் கிரேக்கத்தினின்று இலத்தீன் வழியாக ஆங்கிலம் புகுந்த சில தொடர்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ராட்டர்டாம் நகரத்தவரான எராஸ்மஸ் என்னும் பேரறிஞர், கிரேக்க இலத்தீன் நூல்களிற் பயின்ற பழமொழிகளையும் தொடர்களையும் திரட்டி 1500-இல் பாரிஸ் நகரில் வெளியிட்டார். அத்தொகுப்பில் ஏறத்தாழ 800 தொடர்கள் இருந்தன. 1508-இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்தினின்று விரிந்த பதிப்பு வந்தபோது, அத்தொகை 3,000-ஐக் கடந்தது. எராஸ்மஸ் மறைந்த 1536-இல் அது 4,000-க்கும் மேற்பட்டிருந்தது. ‘அடேஜியா’ எனப்படும் இந்நூலின் ஒரு பகுதியை ரிச்சர்ட் டாவர்னர் 1539-இல் ஆங்கிலத்தில் தந்தார்.

உள்ளதை மறைக்காமல் உள்ளவாறே உரைத்தலை, ‘மண்வெட்டியை மண்வெட்டி என்றே கூறுதல்’ என்பர் ஆங்கிலேயர். இதன் மூலம் கிரேக்க மொழியில் உள்ளது. புளூட்டார்க் தரும் செய்தி ஒன்றில், தம்மை மாசிடோனியர் துரோகிகள் எனத் தூற்றுவதாகச் சிலர் பிலிப்பு மன்னனிடம் முறையிடுகின்றனர். மாசிடோனியர் நாகரிகம் அறியாத நாட்டுப்புறத்தார் என்றும், தொட்டியைத் தொட்டி என்றே சொல்பவர் என்றும் மன்னன் விடை தருகின்றான். அங்குள்ள ‘ஸ்காஃபே’ என்னும் சொல் தொட்டி, தோணி முதலாய குடையப்பட்ட பொருள்களைக் குறிப்பது. தோண்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்த மண்வெட்டியின் பெயரும் இதனோடு ஒலியால் நெருங்கியது. எராஸ்மஸ் இலத்தீனில் மண்வெட்டி என்றே பெயர்த்தார். இதனைப் பிழை என்பர் பலர். அறிந்தே மாற்றினார் என்பாரும் உளர். அவரைப் பின்பற்றி நிக்கொலஸ் யூடல் 1542-இல் ‘ஸ்பேட்’ என ஆங்கிலத்தில் எழுதினார்.

‘பண்டோராவின் பெட்டி’ என்னும் தொடரும் இத்தகையதே. ஹெசியட் என்னும் கிரேக்கப் புலவர் கூறுவது பெட்டியன்று. தானியமும் எண்ணெயும் சேமிக்கும் பெரிய தாழி. அதனைக் குறிக்கும் ‘பித்தோஸ்’ என்னும் சொல் நின்ற இடத்தில், சிறு பேழையைக் குறிக்கும் ‘பிக்சிஸ்’ என்னும் சொல்லை எராஸ்மஸ் ஆண்டார். தாழி மறைந்து பெட்டி நிலைத்தது.

இன்று ஆங்கிலத்தில் ஒருவர் மூலத்துக்கு இயையத் திருத்திக்கொண்டு, தொட்டியைத் தொட்டி என்கிறேன் என்றால் கேட்போர் திகைப்பரேயன்றிப் பொருள் கொள்ளார். உயர்ந்தோர் வழங்கியவாறே வழங்குதல் மரபு என்பது நன்னூலார் கொள்கை. உயர்ந்தோர் வழுவிய இடத்தும், வழக்கு ஊன்றியபின் வழுவே மரபாகிவிடுகிறது என்பதை இவ்விரு தொடர்களும் காட்டுகின்றன.

அங்ஙனமாயின் தோற்றத்தை ஆராய்வதாற் பயனில்லையோ எனின், உண்டு. ‘முதலைக் கண்ணீர்’ என்னும் தொடரும் எராஸ்மஸின் தொகுப்பில் உள்ளது. முதலை தன் இரையை விழுங்குங்கால் அழும் என்ற பழைய நம்பிக்கையில் எழுந்தது அது. ஆகவே அது வெறும் பொய்யழுகையைக் குறிப்பதன்று. தீங்கு செய்பவரே அத்தீங்கிற்கு ஆளானவர் பொருட்டு அழுதலைக் குறிப்பது. இந்நுட்பத்தைச் சொற்பொருள் தாராது, தோற்றமே தருகிறது. தமிழில் இதற்கு நேராக நிற்பது ‘நீலிக் கண்ணீர்’. வணிகனைக் கொல்லும் கருத்துடன் அவன் மனைவிபோல நடித்து அழுத பழையனூர் நீலியின் கதை அதன் நிலைக்களன். கதை வேறு; சுட்டும் பண்பு ஒன்று. மொழிபெயர்ப்பாளர் இந்நிலையில் தேட வேண்டுவது நிகரான வழக்கையேயன்றி நிகரான சொற்களையன்று.

எனினும் தோற்றக் கதைகள் யாவும் கொள்ளத்தக்கன அல்ல. பெருமழையை, ‘பூனைகளும் நாய்களுமாகப் பெய்கிறது’ என்னும் ஆங்கிலத் தொடருக்குக் கூரை வேய்ந்த வீடுகளினின்று விலங்குகள் வழுக்கி வீழ்ந்தமையே காரணம் என்று ஒரு செய்தி 1999-இல் மின்னஞ்சல் வழிப் பரவியது. அதற்குச் சான்று யாதும் இல்லை. ரிச்சர்ட் புரோமின் 1653-ஆம் ஆண்டு நாடகத்தில் நாயும் கீரியை ஒத்த வேறொரு விலங்குமே மழையாகின்றன. பூனையும் நாயும் இணைந்த இன்றைய வடிவம் 1738-இல் ஜோனதன் ஸ்விஃப்டின் நூலில் உள்ளது. சுவையான கதை ஒன்று கிடைத்துவிட்டால் கற்பவர் அதனோடு அமைதியுற்று வழக்கை நோக்காது விடுகின்றனர். இதுவே பொய்த் தோற்றத்தால் விளையும் பெருங்கேடு.

வழக்கும் ஓரிடத்தில் நிற்பதன்று. ‘ஸ்பேட்’ என்னும் சொல் 1920-களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களை இழிக்கும் சொல்லாகவும் வழங்கத் தொடங்கியது. யூடல் எழுதிய தொடருக்கும் இவ்விழிவழக்கிற்கும் பிறப்பில் தொடர்பில்லை. ஆயினும் அத்தொடரை இன்று அங்குப் பலர் தவிர்க்கின்றனர். தோற்றம் குற்றமற்றது என்னும் விடை, கேட்பவர் உள்ளத்திற் பட்ட புண்ணை ஆற்றுவதில்லை.

எனவே ஒரு மரபுத்தொடரைக் கற்பவர் முதற்கண் அதன் இன்றைய வழக்கையும், அடுத்து ஆண்டு தெரிந்த பழைய ஆட்சிகளையும், ஈற்றில் தோற்றக் கதையையும் நோக்குதல் வேண்டும். இம்முறையை மாற்றிக் கதையிலிருந்து தொடங்குவோர், தொட்டிக்கும் மண்வெட்டிக்கும் இடையே நின்று மயங்குவர்.